பெர்லினா, மியூனிக்கா? மகளின் வயதைப் பாருங்கள்

கேள்வி: ஐடி துறையில் இருக்கும் என் கணவருக்கு பெர்லினில் ஆண்டுக்கு 68,000 யூரோவுக்கும், மியூனிக்கில் 75,000 யூரோவுக்கும் வேலை கிடைத்திருக்கிறது. மகளுக்கு எட்டு வயது. வீட்டில் யாருக்கும் ஜெர்மன் தெரியாது. எந்த ஊருக்குப் போகலாம்?

பதில்: 7,000 யூரோ வித்தியாசம் பெரிதாகத்தான் தெரியும். வரி, காப்பீடு எல்லாம் பிடித்தது போக மாதம் 400 யூரோ கையில் கூடினாலே அதிகம். ஜெர்மனியிலேயே வாடகை மிக அதிகமான பெருநகரம் மியூனிக். கூடுதல் பணத்தில் பெரும்பகுதி வாடகைக்கே போய்விடும். ஆகவே சம்பளத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். மகளின் பள்ளியைப் பாருங்கள்.

மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தில் தொடக்கப்பள்ளி நான்காம் வகுப்போடு முடிகிறது. பல்கலைக்கழகத்துக்கு நேர்வழி கிம்னாசியும் என்ற மேல்நிலைப் பள்ளி. அதில் நேரடியாகச் சேர, நான்காம் வகுப்பு மே மாதச் சான்றிதழில் ஜெர்மன், கணிதம், சூழ்நிலையியல் மூன்றுக்கும் சேர்த்துச் சராசரி 2.33க்குள் இருக்க வேண்டும். அங்கே 1தான் உச்ச மதிப்பெண். முதல் வகுப்பிலிருந்தே ஜெர்மன் பள்ளியில் படிக்காத பிள்ளைகளுக்கு, குறை மொழியில் மட்டும்தான் என்றால், 3.33 வரை தளர்த்துவார்கள். அப்படியும் மூன்றாம் வகுப்பில் போய்ச் சேரும் குழந்தைக்கு இரண்டு ஆண்டுகூட முழுசாகக் கிடைக்காது. புது ஊர், புது மொழி, அதோடு இந்த நெருக்கடியும் சேர்ந்து வாடிப்போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பின்னால் மாறிக்கொள்ள வழிகள் உண்டு, ஆனால் சுற்றுவழி.

பெர்லினில் தொடக்கப்பள்ளி ஆறாம் வகுப்பு வரை. அங்கும் மதிப்பெண் பார்க்கிறார்கள். ஆனால் உங்கள் மகளுக்குக் கூடுதலாக இரண்டு ஆண்டு கிடைக்கிறது. எட்டு வயதுக் குழந்தை ஒரு மொழியைத் தன்னுடையதாக்கிக்கொள்ள அது பெரிய அவகாசம். ஆறாம் வகுப்பு வரை மதிய உணவும் இலவசம்.

பவேரியாவில் படிப்பின் தரம் உயர்வு என்பார்கள், அதை மறுக்கவில்லை. மகளுக்கு மூன்று வயதாக இருந்தால் நானே மியூனிக் என்றிருப்பேன்.

உங்கள் வேலை? கணவர் ப்ளூ கார்டில் (திறன்மிக்க வெளிநாட்டு ஊழியர்களுக்கான குடியிருப்பு அனுமதி) போனால் உங்களுக்கு உடனே வேலை செய்யும் உரிமை உண்டு, விசாவுக்கு ஜெர்மன் தேர்வும் தேவையில்லை. ஆங்கிலத்திலேயே வேலை நடக்கும் ஸ்டார்ட்அப்கள் பெர்லினில் அதிகம்.

சரி, வீடு. இரண்டு ஊரிலும் கிடைப்பது கஷ்டம். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட சான்று தேவை. தற்காலிக வீடு எடுக்கும்போதே அதைத் தருவாரா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முன்பணம், கூடுதல் செலவுகள் சேராத அடிப்படை வாடகையைப் போல் மூன்று மடங்கைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். அதை மூன்று தவணையாகவும் கட்டலாம். வீட்டைப் பார்க்காமல் ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள்.

விசா வரும்வரை காத்திருக்காமல் மகளை இந்த வாரமே ஜெர்மன் வகுப்பில் சேர்த்துவிடுங்கள்.