முதியோர் இல்லத்தில் கலைப் பட்டறை: மாணவர்களும் பெரியவர்களும் தனித்தனியாக ஒதுங்காமல் இருக்க என்ன வழி?

ஒதுங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் கூச்சம் அல்ல, வேலையைப் பிரித்த விதம். ஆளுக்கொரு தாள் கொடுத்தால் ஆளுக்கொரு உலகம்தான். ஒரு பெரியவர், ஒரு மாணவர் என ஜோடி சேர்த்து, இருவருக்கும் ஒரே ஏ3 தாள் கொடுங்கள். எதிரெதிரே வேண்டாம்; மேசை மூலையின் இரு பக்கங்களில் உட்கார்ந்தால் முகமும் தெரியும், காதும் கேட்கும். ஆறு வாரமாவது ஜோடியை மாற்றாதீர்கள்.

வரையத் தயங்குபவர்களுக்குக் கதை நல்ல தொடக்கம். மறதி நோய் உள்ளவர்களுக்காக அமெரிக்காவில் ஆன் பாஸ்டிங் உருவாக்கிய 'டைம்ஸ்லிப்ஸ்' முறை இதற்கு அருமையானது. விநோதமான ஒரு படத்தைக் காட்டி, "இவருக்கு என்ன பெயர் வைக்கலாம்? எங்கே கிளம்பியிருக்கிறார்?" என்று கேட்க வேண்டும். சரி, தவறு என்று எதுவும் இல்லை. சொன்னதைச் சொன்னபடியே எழுதி, அவ்வப்போது உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். "ஞாபகம் இருக்கிறதா?" என்ற கேள்வியை அறவே தவிருங்கள், பதில் வராதபோது அது தேர்வு போலாகி, அவர் வாயை மூடிக்கொள்வார்.

அடிக்கடி நடக்கும் இன்னொரு தவறு, கை நடுங்குகிறதே என்று மாணவர் தூரிகையை வாங்கித் தானே முடித்துவிடுவது. காம்பில் பஞ்சுத் துண்டைச் சுற்றித் தடிமனாக்கினால் பிடி கிடைக்கும். தாள் நகராதபடி அதன் ஓரங்களை மேசையோடு ஒட்டிவிடுங்கள். இதையெல்லாம் மாணவர்களுக்கு முன்கூட்டியே அரை மணி நேரம் பழக்க வேண்டும்.

ஒரு அமர்வுக்கு 45 நிமிடம் போதும். பின்னணியில் பாட்டு வேண்டாம். காதுக் கருவி அணிந்தவர்களுக்குப் பேச்சைப் பிரித்துக் கேட்பது சிரமம். குழந்தைகளுக்கான, வண்ணம் தீட்டும் புத்தகங்களைப் பெரியவர்களுக்குக் கொடுக்கவே கூடாது.