எங்கே மெதுவாகப் போவது – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

எனக்குக் குலசேகரம் பக்கம். அப்பா ரப்பர் பால்வெட்டு. நான் மார்த்தாண்டத்தில் ஒரு டூவீலர் வொர்க்‌ஷாப்பில் வேலை செய்கிறேன். மூன்று வருடமாக ஃபார்முலா ஒன் விடாமல் பார்க்கிறேன். 2025 கத்தார் பந்தயம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. மெக்லாரன் அணியின் பியாஸ்ட்ரிதான் அன்று வேகமான ஆள். ஆனால் ஒரு செட் டயரில் 25 சுற்றுக்கு மேல் ஓடக் கூடாது என்று ஒரு விதி போட்டு அவரைத் தோற்கடித்துவிட்டார்கள். அதே வருடம் மொனாக்கோவில் இரண்டு தடவை டயர் மாற்றியே ஆக வேண்டும் என்று இன்னொரு விதி. 1988ல் புரோஸ்ட் அதிகப் புள்ளி எடுத்தும் பட்டம் சென்னாவுக்குப் போனது என்று படித்தேன். நம் நரேன் கார்த்திகேயனின் நான்காம் இடம்கூட விதியால் வந்த அதிர்ஷ்டம்தான் என்கிறான் என்கூட வேலை செய்பவன். இப்படி மாற்றிக்கொண்டே இருந்தால் யார் நல்ல ஓட்டுநர் என்று எதை வைத்துச் சொல்வது? விதியை எழுதுகிறவன்தான் ஜெயிக்கிறான், ஓட்டுகிறவன் இல்லை என்று தோன்றுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஆர்., குலசேகரம்

அன்புள்ள தம்பி,

நீங்கள் தினமும் வேலைக்கு வருகிற அதே குலசேகரம், திருவட்டாறு, ஆற்றூர் சாலையில்தான் நானும் மூன்று வருடம் மார்த்தாண்டத்துக்குக் கல்லூரி போனேன். பெரும்பாலும் ஒரே மினி பஸ், ஒரே ஓட்டுநர். அவரை நாங்கள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். முதல் வருடம் முதலாளி அவருக்குக் கலெக்‌ஷனில் பங்கு கொடுத்தார். ஒவ்வொரு ஜங்ஷனிலும் கிளட்சைப் பாதி மிதித்தபடி வண்டியை ஊர விடுவார். கண் முழுக்க வலப்பக்கக் கண்ணாடியில் இருக்கும். அதில் அடுத்த பஸ்ஸின் முகம் தெரிந்ததும், பின்படியில் தொங்குகிற பையன் தகரத்தில் இரண்டு தட்டு தட்டுவான். அதற்கப்புறம் மார்த்தாண்டம் வரை பறப்போம்.

இரண்டாம் வருடம் பங்கை நிறுத்திவிட்டு நாள் சம்பளம் ஆக்கினார்கள். அண்ணன் ஒரே சீராக ஓட்ட ஆரம்பித்தார். ஜங்ஷனில் ஊர்வது நின்றது, பறப்பதும் நின்றது. தூரத்தில் கை காட்டிக்கொண்டு ஓடி வருகிற பாட்டிக்காக வண்டி நிற்பதும் நின்றது. மூன்றாம் வருடம் டீசல் மிச்சம் பிடித்தால் தனிப் பணம் என்றார் முதலாளி. அன்றிலிருந்து இறக்கம் வந்தால் நியூட்ரல்தான். என்ஜின் சத்தம் சட்டென்று அடங்கிவிடும். காற்றும் ஜன்னல் கண்ணாடிகள் கடகடக்கிற சத்தமும் மட்டும் கேட்கும். பிரேக்கை மட்டும் நம்பி அப்படி இறங்குவது பெரிய தவறு, இன்று நினைத்தாலும் வயிறு கலங்குகிறது. ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. அதே ஆள், அதே பஸ், அதே வளைவுகள். எப்படி வேகமாகப் போவது என்று அண்ணனுக்கு மூன்று வருடமும் தெரிந்துதான் இருந்தது. எங்கே மெதுவாகப் போவது என்பதைத்தான் ஒவ்வொரு விதியும் புதிதாகக் கற்றுக்கொடுத்தது.

ரேஸிலும் இதுதான் நடக்கிறது என்று நான் நம்புகிறேன். அந்த மட்டத்துக்கு வந்துவிட்ட 22 பேருக்கும் வேகமாக ஓட்டத் தெரியும். எந்த இடத்தில் வேகத்தை விட்டுக்கொடுப்பது என்பதில்தான் ஒருவருக்கு ஒருவர் வித்தியாசப்படுகிறார்கள். விதி மாறினால் அந்த இடம் மாறும்.

பந்தயத்தின் நடுவே பெட்ரோல் நிரப்புவதை எடுத்துக்கொள்ளுங்கள். 1994 முதல் 2009 வரை அதற்கு அனுமதி இருந்தது. காரில் 10 கிலோ பெட்ரோல் கூடினால் சுற்றுக்குச் சுமார் 0.3 நொடி போய்விடும் என்பது அந்தக் காலத்தில் எல்லோரும் சொல்கிற கணக்கு. அதனால் குறைவாக நிரப்பிக்கொண்டு, லேசான காரில் வெறிபிடித்ததுபோல ஓட்டி, உள்ளே வந்து கொஞ்சம் நிரப்பி, மறுபடி வெறி. 2004ல் பிரான்சின் மேன்யி-கூர் பந்தயத்தில் ஷூமாக்கர் நான்கு தடவை பிட்டுக்குள், அதாவது பெட்ரோல் நிரப்பவும் டயர் மாற்றவும் நிற்கிற இடத்துக்குள், வந்தும் அலோன்சோவை ஜெயித்தார். நான்கு தடவை நின்றவர் எப்படி முதலில் வர முடியும் என்று கேட்காதவர்கள் இல்லை. அந்தச் சர்க்யூட்டில் பிட் பாதை குட்டையானது, நிற்பதால் போகிற நேரம் குறைவு. மிச்சமெல்லாம் ஷூமாக்கரின் கால். ஒவ்வொரு சுற்றையும், புறப்படும் வரிசையைத் தீர்மானிக்கிற தகுதிச்சுற்றைப்போல ஓட்ட அவரால் முடிந்தது. அந்த விதிக்கு வேண்டிய ஓட்டுநர் அப்படிப்பட்டவர்தான்.

2010ல் நிரப்புவதைத் தடை செய்தார்கள். பந்தயம் முழுவதுக்குமான பெட்ரோலோடு, சுமார் 150 கிலோ பாரத்தோடு, கிளம்ப வேண்டும். தொடக்கத்தில் கார் யானை மாதிரி. முதல் பத்து சுற்றில் வீரம் காட்டினால் டயர் செத்துவிடும். பிட்டில் நடக்கிற சண்டையும் தலைகீழாகிவிட்டது. முன்பு, பக்கத்து ஆள் உள்ளே போனதும் நீங்கள் இன்னும் இரண்டு மூன்று சுற்று வெளியே நிற்க முடிந்தால் லாபம். அவர் நிரப்பிய பாரத்தோடு வெளியே வருவார், உங்கள் டேங்கோ கிட்டத்தட்ட காலி. தடைக்குப் பிறகு முதலில் உள்ளே போகிறவருக்குத்தான் லாபம். புது டயரோடு வந்து ஒரே சுற்றில் இரண்டு நொடி தின்றுவிடுவார். இன்று வர்ணனையில் ‘அண்டர்கட்’ என்று மூச்சுக்கு முந்நூறு தடவை கேட்கிறோமே, அது இதுதான். ஒரு ஓட்டுநர் பதினைந்து வருடமாக உடம்பில் ஏற்றி வைத்திருந்த பழக்கத்தை ஒரு வரி விதி புரட்டிப் போட்டுவிட்டது. 2006ல் ஓய்வு பெற்ற ஷூமாக்கர் இந்த 2010ல்தான் திரும்பி வந்தார். மூன்று சீசனில் ஒரே ஒரு முறை முதல் மூன்று இடத்துக்குள் வந்து மேடை ஏறினார், 2012ல் வலென்சியாவில். வயது 40ஐத் தாண்டியிருந்தது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அவர் விட்டுப்போன விளையாட்டு வேறு, திரும்பி வந்த விளையாட்டு வேறு.

டயரை மிச்சம் பிடிப்பது என்றால் என்ன என்று உங்கள் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வார். இருபது வருடத்துக்கு மேல் பால் தர வேண்டிய மரத்தில் பட்டையை எவ்வளவு மெல்லிசாகச் சீவுவார்! ஒரு மில்லிமீட்டர் ஆழம் கூடினால் மரத்துக்குக் காயம். அதே மரத்தை முறித்து விற்கப் போகிறார்கள், கடைசி வருடம், கடும்வெட்டு என்று சொல்லிவிட்டால் அதே கைதான், அதே கத்திதான், ஆனால் வெட்டு வேறு. பெட்ரோல் நிரப்புகிற காலத்து ரேஸ் கடும்வெட்டு. இப்போதையது தினசரி வெட்டு. இரண்டிலும் கைத்திறன் வேண்டும்.

1988க்கு வருவோம். புரோஸ்ட்டுக்கு 105, சென்னாவுக்கு 94. ஆனால் 16 பந்தயத்தில் சிறந்த 11 மட்டும்தான் கணக்கு. புரோஸ்ட்டின் மூன்று இரண்டாம் இடங்கள், 18 புள்ளி, கழிந்து 87 ஆயிற்று. சென்னாவுக்கு ஒரு நான்காம் இடமும் ஓர் ஆறாம் இடமும் மட்டும் கழிந்து 90. இதைத் திருட்டு என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. 11 மட்டும்தான் கணக்கு என்பது சீசன் தொடங்கும்முன்பே இருவருக்கும் தெரியும். ஐந்து பந்தயம் எப்படியும் தூக்கி எறியப்படும் என்றால், இடித்துக்கொண்டு வெளியேறுவதற்கும் பத்திரமாக நான்காவது வருவதற்கும் அந்த ஐந்தில் வித்தியாசமே இல்லை. சென்னா எட்டு பந்தயம் ஜெயித்தார், புரோஸ்ட் ஏழு. புரோஸ்ட் ஜெயிக்காத நாளிலும் இரண்டாவதாக வந்து சேர்கிற பொறுமைக்காரர். அந்தப் பொறுமைக்கு அந்த விதியில் விலை கிடைக்கவில்லை. 1991ல் எல்லாப் பந்தயமும் கணக்கில் சேர்ந்தது, விலை திரும்ப வந்தது. புரோஸ்ட் சின்ன ஆள் என்றோ சென்னா அதிர்ஷ்டக்காரர் என்றோ இதிலிருந்து எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. அந்த வருடத்து விதி ஓர் இயல்பைக் கேட்டது, அது சென்னாவிடம் அதிகம் இருந்தது.

நரேன் விஷயத்தில் உங்கள் நண்பரிடம் கொஞ்சம் சண்டை போடுங்கள். 2005ல் பந்தயத்தின் நடுவே டயர் மாற்றவே கூடாது. தகுதிச்சுற்றுக்கும் பந்தயத்துக்கும் ஒரே செட். அந்த வருடம் மே மாதம் நூர்பர்க்ரிங்கில் ரைக்கோனென் முன்னால் போய்க்கொண்டிருந்தார். பிரேக்கில் முன் டயரைப் பூட்டி அதில் ஓர் இடம் தட்டையாகிவிட்டது. டிவியில் பார்த்தால் முன்சக்கரம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நடுங்கிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு சுற்றும் கொஞ்சம் அதிகமாக. உள்ளே வந்தால் வெற்றி போகும். வராமல் ஓட்டினார். கடைசிச் சுற்றின் முதல் வளைவுக்குப் பிரேக் போடும்போது சஸ்பென்ஷன் முறிந்தது. ஜெயித்தவர் அலோன்சோ. மூன்றாவது வாரம் இண்டியானாபொலிஸ். சாய்வான வேக வளைவை மிஷெலின் டயர் தாங்காது என்று தெரிந்துவிட்டது, மாற்றவும் வழியில்லை. தொடக்கத்துக்கு முந்தைய சுற்று முடிந்ததும் மிஷெலின் போட்ட 14 கார்கள் பிட்டுக்குள் திரும்பிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட ஆறு பேர்தான் ஓடினார்கள். அதில் கோயம்புத்தூர்க்காரர் நரேன், ஜோர்டன் காரில், நான்காவதாக வந்து ஐந்து புள்ளி எடுத்தார். ஆமாம், விதி திறந்துவிட்ட கதவுதான். ஆனால் அந்தக் கதவு வழியாகப் போக, சுவரில் மோதாமல், டயரைக் கெடுக்காமல், 73 சுற்று ஓட்ட வேண்டும். அவருக்கு முன்னால் வந்த மூன்று பேரில் இரண்டு பேர் ஃபெராரியில் இருந்தார்கள். அந்த ஐந்து புள்ளியை எனக்குச் சிறிதாக நினைக்க மனம் வரவில்லை.

டயர் மாற்றத் தடை மறுவருடமே போய்விட்டது. போனது நல்லது. உடைகிறதா பார்ப்போம் என்று ஓட்டச் சொல்கிற விதியை நான் விதி என்றே ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கத்தாரில் பியாஸ்ட்ரியைத் தோற்கடித்தது விதி இல்லை, தம்பி. 57 சுற்று. ஒரு செட்டுக்கு 25 என்றால் இரண்டு செட்டுக்கு 50. மிச்சம் ஏழு. ஏழாவது சுற்றில்தான் ஹுல்கன்பெர்க்கும் கேஸ்லியும் மோதி, எல்லோரையும் மெதுவாக்குகிற சேஃப்டி கார் வந்தது. எல்லோரும் மெதுவாகப் போகும்போது டயர் மாற்றினால் நேரம் பாதிதான் போகும். அந்தச் சுற்றில் உள்ளே வந்தவருக்கு 25ம் 25மாக மிச்சம் கச்சிதமாகப் பொருந்துகிறது. விரலில் எண்ணுகிற கணக்கு. வெர்ஸ்டாப்பன் உள்ளே வந்தார், கிட்டத்தட்ட எல்லோரும் வந்தார்கள். மெக்லாரன் மட்டும் தன் இரண்டு பேரையும், பியாஸ்ட்ரியையும் நோரிஸையும், வெளியே விட்டது. வெர்ஸ்டாப்பன் ஜெயித்தார், பியாஸ்ட்ரி இரண்டாவது, நோரிஸ் நான்காவது. சீசன் கடைசியில் நோரிஸ் வெர்ஸ்டாப்பனை 423க்கு 421 என்று இரண்டே புள்ளியில் முந்திப் பட்டம் எடுத்தார். நடுவில் மெக்லாரன்காரர்களுக்கு எப்படித் தூக்கம் வந்திருக்கும்!

ஆனால் அந்த விதியில் எனக்கும் ஒரு மனக்குறை உண்டு. டயர் பாதுகாப்புக்காகப் போட்டது, நோக்கம் சரி. ஆனால் 25 சுற்றில் எப்படியும் கழற்றியாக வேண்டும் என்றால் டயரைப் பக்குவமாக ஓட்டுகிறவருக்கும் தேய்த்துத் தள்ளுகிறவருக்கும் ஒரே கூலிதான். எங்கே மெதுவாகப் போவது என்ற முடிவு ஓட்டுநர் கையிலிருந்து காகிதத்துக்குப் போய்விடுகிறது. மொனாக்கோ இன்னும் மோசம். 2024ல் முதல் சுற்றிலேயே சிவப்புக்கொடி காட்டிப் பந்தயத்தை நிறுத்தினார்கள், எல்லோரும் அப்போதே டயர் மாற்றிக்கொண்டார்கள், முதல் பத்து பேர் புறப்பட்ட வரிசையிலேயே வந்து சேர்ந்தார்கள். அதைச் சரிசெய்ய 2025ல் இரண்டு நிறுத்தம் கட்டாயம் என்றார்கள். நடந்தது என்ன? ரேஸிங் புல்ஸ் அணியில் லாசன் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டிப் பின்னால் வருகிறவர்களை அடைத்து வைத்தார், அந்த இடைவெளியில் கூட்டாளி ஹஜார் நிறுத்தி எடுத்துக்கொண்டார். வில்லியம்ஸ் அணியும் இதையே செய்தது. தன் டயருக்காகத் தான் மெதுவாகப் போவது ஒரு கலை. அடுத்தவனை அடைப்பதற்காக மெதுவாகப் போவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. லாசன்மேல் கோபமில்லை. முதலாளி பங்கு என்று சொன்னால் அண்ணன் ஜங்ஷனில் ஊர்வார்தானே.

அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். விதியை எழுதுகிறவன் ஜெயிப்பதில்லை. அவன் பரீட்சைக் கேள்வியை மாற்றுகிறான், அவ்வளவுதான். பல கேள்வித்தாளிலும் மேலே நிற்கிறவரைப் பெரிய ஓட்டுநர் என்று நான் சொல்வேன். அலோன்சோ ஒரே செட் டயர் காலத்தில் பட்டம் வாங்கினார், மறுவருடம் டயர் மாற்றலாம் என்றதும் மறுபடி வாங்கினார். ஹாமில்டன் பெட்ரோல் நிரப்புகிற காலத்தில் ஒன்று, அது போன பிறகு ஆறு. பந்தயம் ஓடிக்கொண்டிருக்கும்போதே விதியை வளைப்பது மட்டும் வேறு. 2021 அபுதாபியில் சேஃப்டி கார் விதியை அப்போதே வளைத்துக் கடைசிச் சுற்றை ஓடவிட்டதை நான் எந்தக் கணக்கிலும் நியாயப்படுத்த மாட்டேன்.

2026 விதிகளோடு பரீட்சை மறுபடி மாறியிருக்கிறது. முந்துவதற்காகப் பின்சிறகைத் திறக்கிற டிஆர்எஸ் போய்விட்டது. மின்மோட்டார் 120 கிலோவாட்டிலிருந்து 350க்கு ஏறிவிட்டது, காரின் சக்தியில் ஏறக்குறைய பாதி மின்சாரம். பேட்டரி தீர்ந்தால் நேர்ச்சாலையிலேயே கார் சோர்ந்துபோகும். அதனால் வளைவு வருவதற்கு முன்பே காலை எடுத்து, அதை நிரப்பி வைக்க வேண்டியிருக்கிறது. எந்தச் சுற்றில் செலவழிப்பது, எதில் சேர்ப்பது என்பதுதான் இப்போதைய கணக்கு. அடுத்த பந்தயத்தில் வர்ணனையைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, காருக்குள் இருக்கிற கேமரா காட்டும்போது என்ஜின் சத்தத்தை மட்டும் கேளுங்கள். வொர்க்‌ஷாப்பில் இருக்கிறவர், உங்கள் காது என் காதைவிட நல்ல காது. யார் எந்த இடத்தில் காலை எடுக்கிறார் என்று குறித்துவைத்து எனக்கு எழுதுங்கள். அப்பாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்.