கிரைப் வாட்டரும் அந்தக் காலத்துத் தூக்க சிரப்பும் ஒன்றா?

கேள்வி: டாக்டர், என் மகளுக்கு 8 வாரம் ஆகிறது. தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறேன். ஒரு மாதமாகச் சாயங்காலம் ஆறு மணி ஆனால் போதும், முகம் சிவந்து, காலை மடக்கிக்கொண்டு ஒன்பது மணி வரை வீறிட்டு அழுகிறாள். மற்ற நேரமெல்லாம் நன்றாக இருக்கிறாள். கிரைப் வாட்டர் கொடு, உன் வீட்டுக்காரனையே அதைக் கொடுத்துத்தான் வளர்த்தேன் என்கிறார் அத்தை. இந்த நேரம் பார்த்து என் தம்பி, விக்டோரியா மகாராணி காலத்து ஆங்கிலப் பத்திரிகை விளம்பரங்களின் படங்களை அனுப்பினான். பல் முளைக்கும் குழந்தைக்கான ஒரு சிரப்பில் மார்ஃபின் இருந்ததாம். கிரைப் வாட்டரும் அந்தக் காலத்து இங்கிலாந்துச் சரக்குதானே? அதிலும் அப்படி ஏதாவது இருக்குமா? இரண்டு நாளாக எனக்குத் தூக்கமே இல்லை.

பதில்: நீங்கள் இன்று ராத்திரியாவது தூங்க வேண்டும், அதனால் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிரைப் வாட்டரில் அபினும் கிடையாது, அபினிலிருந்து எடுக்கும் மார்ஃபினும் கிடையாது. உங்கள் அத்தை உங்கள் கணவருக்கு விஷம் எதுவும் கொடுத்துவிடவில்லை. ஆனாலும் உங்கள் மகளுக்கு அது வேண்டாம், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

தம்பி அனுப்பியது மிஸஸ் வின்ஸ்லோஸ் சூதிங் சிரப்பின் விளம்பரமாகத்தான் இருக்கும். 1849-இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் விற்பனைக்கு வந்து, கடல் தாண்டி இங்கிலாந்துப் பத்திரிகைகளில் வருடக்கணக்காக வந்துகொண்டிருந்த விளம்பரம் அது. தாய்மார்களுக்கு ஓர் ஆலோசனை என்று தலைப்பு போட்டு, பல் முளைக்கும் வலியில் அழும் குழந்தையால் உங்கள் தூக்கம் கெடுகிறதா என்று கேட்கும். உடனே மருந்துக் கடைக்குப் போய் ஒரு பாட்டில் வாங்குங்கள், முற்றிலும் தீங்கற்றது, குழந்தை நிம்மதியாகத் தூங்கிப் பளிச்சென்று எழுந்திருக்கும் என்று முடியும். அந்த முதல் கேள்வியை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். அது கேட்பது தாயின் தூக்கத்தை. உங்கள் கடிதத்தின் கடைசி வரியும் அதுதான். களைத்துப்போன ஒரு தாயிடம் எதைச் சொன்னால் பணத்தை எடுப்பாள் என்று 150 வருடத்துக்கு முன்பே நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள், அதனால்தான் இந்த விளம்பரங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

அந்த சிரப்பில் ஒரு திரவ அவுன்ஸுக்கு சுமார் 65 மில்லிகிராம் மார்ஃபின் இருந்தது. ஒரு டீஸ்பூன் என்றால் ஏறக்குறைய 10 மில்லிகிராம். இன்று கடுமையான வலியில் இருக்கும் பெரியவர் ஒருவருக்கு வாய்வழியாக மார்ஃபின் தொடங்கும்போது நாங்கள் யோசித்து யோசித்துக் கொடுக்கும் அளவு அது. பச்சைக் குழந்தையின் கல்லீரலுக்கு அதை வெளியேற்றும் பக்குவம் வந்திருக்காது, மூளையில் மூச்சை நடத்தும் பகுதி மெல்ல மெல்ல அடங்கும், வீட்டில் இருப்பவர்களுக்கு அது நல்ல தூக்கமாகத்தான் தெரியும்.

இது ஒன்று மட்டும் இல்லை. இங்கிலாந்திலேயே காட்ஃப்ரேஸ் கார்டியல் என்று ஒன்று இருந்தது, அபினைச் சர்க்கரைப் பாகில் கலந்தது. ஒவ்வொரு கடைக்காரரும் தன் கைக்கணக்கில் தயாரித்ததால் ஒரு கடைச் சரக்கைப் போல இன்னொரு கடைச் சரக்கு இருக்காது. நாட்டிங்ஹாமில் லேஸ் பின்னும் பெண்கள், மான்செஸ்டரில் மில் வேலைக்குப் போகும் பெண்கள், கிழக்கு இங்கிலாந்தின் ஃபென்ஸ் சதுப்பு நிலத்தில் கூலிக்குக் களை எடுக்கப் போகும் பெண்கள், இவர்களெல்லாம் கைக்குழந்தையை யாரிடமாவது விட்டுவிட்டு விடிகாலையில் கிளம்ப வேண்டியிருந்தது, பிள்ளையைப் பார்த்துக்கொண்டவர்கள் இந்தப் பாகை ஊற்றித் தூங்க வைத்தார்கள். நிறையக் குழந்தைகள் ஒரே வேளை மருந்தில் சாகவில்லை. தூங்கிக்கொண்டே இருக்கும் குழந்தைக்குப் பசி என்று அழத் தெரியாது, அழாத குழந்தைக்குப் பால் கிடைக்காது, உடம்பு வற்றிப்போய் ஒரு நாள் உயிர் போகும், பதிவேட்டில் பலவீனம் என்று எழுதி முடித்துவிடுவார்கள். 1864-இல் ஹென்றி ஜூலியன் ஹன்டர் என்ற மருத்துவர் இதை விசாரிக்க ஃபென்ஸ் பகுதிக்குப் போனார். வயலும் வெளியுமான அந்த ஊர்களில் குழந்தைச் சாவு ஆலை நகரங்களுக்குச் சமமாக இருந்தது. அபின் கொடுத்த குழந்தைகள் கிழவர்கள் போலச் சுருங்கிப்போயிருந்தன என்று அவர் எழுதினார்.

இவ்வளவும் எப்படிப் பகிரங்கமாக நடந்தது என்று கேட்பீர்கள். 1853-இல் பத்திரிகை விளம்பர வரியை எடுத்தார்கள், 1855-இல் பத்திரிகை முத்திரை வரியும் போனது, பத்திரிகைகள் மலிவாகிப் பெருகின, அவற்றுக்குப் படியளந்ததில் பெரிய பங்கு பேட்டண்ட் மருந்து, அதாவது உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமல் பெயர் போட்டு விற்ற மருந்து, விளம்பரங்களுக்கு. மருந்துப் பாட்டிலின் மேல் அரசாங்கம் ஒன்றரை பென்னி வரி முத்திரை ஒட்ட வைத்தது. அது வெறும் வரி, ஆனால் வாங்குகிறவர்கள் கண்ணுக்கு அரசாங்கமே சான்று கொடுத்த மாதிரி இருந்தது, விற்கிறவர்களும் அந்த எண்ணத்தை வளர்த்தார்கள். 1868-இல் வந்த மருந்தகச் சட்டம் அபினை விஷப் பட்டியலில் சேர்த்தது, ஆனால் பேட்டண்ட் மருந்துகளுக்கு விலக்குக் கொடுத்துவிட்டது! 1909-இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் இந்த ரகசிய மருந்துகளைப் பரிசோதித்து, எதில் என்ன இருக்கிறது, அதன் அடக்க விலை என்ன என்று ஒரு புத்தகமே போட்டது, அந்தப் புத்தகத்தின் விளம்பரத்தைப் போடப் பல பத்திரிகைகள் மறுத்துவிட்டன.

மருந்து மட்டும் என்றில்லை, வீட்டுச் சாமானும் இப்படித்தான். அலெக்சாண்ட்ரா என்று இளவரசியின் பெயரைத் தாங்கி ஒரு பால் புட்டி விளம்பரமானது. கண்ணாடிப் புட்டியிலிருந்து நீளமான ரப்பர் குழாய், குழந்தை படுத்தபடியே தானே குடித்துக்கொள்ளும், தாய்க்கு வேலை மிச்சம். குழாயின் உள்ளே கழுவ வழியே இல்லை, பழைய பால் தங்கிக் கிருமி பெருகியது. அந்தப் புட்டிக்குக் கொலைகாரப் புட்டி என்றே பெயர் வந்தது. பல் முளைக்கக் கொடுத்த பொடிகளில் பாதரசம் இருந்தது, கை கால் சிவந்து குழந்தை துடிக்கும் பிங்க் நோய் அதனால் வந்ததுதான், 1950-களில் அந்தப் பொடிகளில் பாதரசத்தை நிறுத்திய பிறகே அந்த நோய் ஓய்ந்தது.

சரி, கிரைப் வாட்டர். அதுவும் நாட்டிங்ஹாம்தான். 1851-இல் வில்லியம் உட்வர்ட் என்ற மருந்தாளுநர் தயாரித்தது. சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை, தண்ணீர், கூடவே 3.6 சதவீதம் ஆல்கஹால். அபின் இல்லாததே அந்தக் காலத்தில் பெரிய விஷயம். ஆல்கஹாலைப் பின்னாளில் எடுத்துவிட்டார்கள். ஆனால் கிரைப் வாட்டர் வயிற்று வலியை நிறுத்துகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறெதுவும் வேண்டாம், தண்ணீர்கூட வேண்டாம். அத்தையிடம் பதமாகச் சொல்லுங்கள், அவர் அக்கறையில்தான் சொல்கிறார்.

அந்தச் சிரப்பின் வேலையை நம் வீடுகளில் இன்றும் வேறு பொருள்கள் செய்கின்றன, என் கவலை அதில்தான். கசகசாவை அரைத்துப் பாலில் கொடுப்பது, தூங்கட்டும் என்று சளி மருந்து சிரப்பில் அரை மூடி ஊற்றுவது. கசகசா அபின் செடியின் விதை, அதில் ஒட்டியிருக்கும் மார்ஃபின் எவ்வளவு என்று பார்த்துச் சொல்ல முடியாது. தூக்கம் வரவைக்கும் சளி சிரப்புகளில் சில, இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தையின் மூச்சையே நிறுத்தக்கூடியவை. யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள். உரம் விழுந்திருக்கிறது என்று சொல்லிப் புடவையில் போட்டு உருட்டவும் விடாதீர்கள், அந்தக் குலுக்கலில் மூளைக்குள் ரத்தம் கசியலாம்.

உங்கள் மகளுக்கு இருப்பது கோலிக் என்று நாங்கள் சொல்லும் அழுகை போலத்தான் தெரிகிறது. இரண்டு மூன்று வாரத்தில் தொடங்கி, ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானாக நின்றுவிடும். உங்கள் பாலிலும் குற்றமில்லை, வளர்ப்பிலும் குற்றமில்லை. பால் குடித்ததும் தோளில் போட்டு ஏப்பம் வரவையுங்கள், ஆறு மணிக்கு முன்பே விளக்கைக் குறைத்து, நெஞ்சோடு தோல் படும்படி அணைத்துக்கொண்டு நடங்கள். ஒரு மணி நேரம் அத்தையோ கணவரோ பிள்ளையை வாங்கிக்கொள்ளட்டும், நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு படுங்கள். யாருமே இல்லாமல் பொறுமை எல்லை மீறினால், குழந்தையைப் பத்திரமாக மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு ஐந்து நிமிடம் வெளியே போய் நிற்கலாம், அதில் தவறே இல்லை.

உடம்புச் சூடு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் போனால், பச்சையாக வாந்தி எடுத்தால், மலத்தில் ரத்தம் வந்தால், வயிறு உப்பிக் கல் மாதிரி இருந்தால், பால் குடிக்காமல் துவண்டால், அழுகை வழக்கத்துக்கு மாறாக ஈனமாகிவிட்டால், விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இவை எதுவும் இல்லையென்றால், பத்தாவது வாரத் தடுப்பூசிக்குப் போகும்போது எடை பார்க்கச் சொல்லி, பிறந்த எடையையும் இப்போதைய எடையையும், ஒரு நாளைக்கு எத்தனை தடவை சிறுநீர் போகிறாள் என்பதையும் எனக்கு எழுதி அனுப்புங்கள்.