வேட்டி மடிப்பு எங்கே போனது?

கேள்வி: அண்ணா, முகூர்த்தப் படங்களில் மாப்பிள்ளையின் வேட்டி வெறும் வெள்ளையாகிவிட்டது. மடிப்பே தெரியவில்லை. கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலிலும் மீட்க முடியவில்லையே?

பதில்: தம்பி, கேமராவில் ஒளியைப் பதியும் சென்சாரின் ஒவ்வொரு பிக்சலும் குழாயடியில் வைத்த குடம் மாதிரி. ஒளி விழ விழ எலக்ட்ரான்கள் சேரும். நிரம்பிய பிறகு எவ்வளவு விழுந்தாலும் கணக்கில் வராது. மடிப்பின் மேடும் பள்ளமும் இரண்டுமே நிரம்பிவிட்டால் இரண்டுக்கும் ஒரே எண்தான். வித்தியாசமே பதிவாகாத இடத்தில் மென்பொருள் எதைத் தேடி எடுக்கும்? நெகட்டிவ் ஃபிலிம் இப்படிச் சட்டென்று கைவிடாது, வெளுப்பு மெல்ல மெல்லத்தான் ஏறும்.

கேள்வி: அப்படியானால் இருட்டாகவே எடுத்துவிட்டு, பிறகு மென்பொருளில் வெளிச்சத்தை ஏற்றிக்கொள்ளலாமா?

பதில்: ஓரளவுக்குத்தான். ஒளித்துகள்கள் சீராக வந்து விழுவதில்லை. ஒரு பிக்சலில் 10,000 சேர்ந்தால் ஏற்ற இறக்கம் சுமார் 100, அதாவது 1 சதவீதம். 100 மட்டுமே சேர்ந்தால் ஏற்ற இறக்கம் 10, அது 10 சதவீதம். மணப்பெண்ணின் கூந்தலை ஏற்றும்போது மணல் தூவியது போல் வருகிறதே, அதில் பெரும்பங்கு இதுதான். இன்னொன்று: 14 பிட் ராவில் ஒளியின் அளவைக் குறிக்க மொத்தம் 16,384 படிகள். ஒளி இரட்டிப்பாகும் ஒவ்வோர் அளவும் ஒரு ஸ்டாப்; உச்சியில் உள்ள ஒரே ஸ்டாப் அதில் பாதியை, 8,192ஐ எடுத்துக்கொள்ளும். இருட்டை நோக்கிப் பத்தாவது ஸ்டாப்புக்கு இறங்கினால் மிஞ்சுவது வெறும் 16. ஆகவே வேட்டி நிரம்புவதற்குச் சற்று முன்பு வரை ஒளியைத் தாராளமாக விடுங்கள். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தாலும், லென்ஸின் துவாரமான அபர்ச்சராலும்தான் விட வேண்டும். பதிவானதைப் பெருக்கிக் காட்டும் ஐஎஸ்ஓவைக் கூட்டினால் குடத்தில் ஒரு சொட்டுக்கூட அதிகமாகாது.

கேள்வி: படத்தின் ஒளி அளவுகளைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம், வெளுப்பைக் குறிக்கும் வலது ஓரத்தைத் தொடவே இல்லை. ஆனாலும் அரக்குப் பட்டுப்புடவையில் நெசவு தெரியவில்லை. எங்கே தவறு செய்தேன்?

பதில்: அக்கா, உங்கள் மேல் தவறில்லை. மண்டபத்து மஞ்சள் விளக்கில் சிவப்பு சேனல் மட்டும் முந்திக்கொண்டு நிரம்பியிருக்கும். பொதுவான ஹிஸ்டோகிராமில் பச்சைக்குத்தான் எடை அதிகம், அதனால் அது மறைந்துவிடும். சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாகக் காட்டும் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமைப் போட்டுச் சிவப்பைத் தனியாகப் பாருங்கள். கேமரா காட்டுவது, அதுவே பதப்படுத்திய ஜேபெக் படத்தின் கணக்கு என்பதால் ராவில் கொஞ்சம் மிச்சம் இருக்கலாம். படத்தை அழிக்கும் முன் ராவைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஹோமத் தீயும் வெளுக்கக் கூடாதா?

பதில்: தீயின் நடுப்பகுதி வெளுக்கட்டும், அங்கே காப்பாற்ற எதுவும் இல்லை. எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் முகத்துக்கு அளந்து எடுங்கள்.