மாட்டுக்கொட்டகை ரேடியோவுக்கு ஏழு வாட் எதற்கு?

கேள்வி: எங்களுக்குப் பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். மாமனாருக்கு 80 வயது, கண் மங்கிவிட்டது. செல்போன் பழக்கமில்லை, ரேடியோ குமிழைத் திருகத்தான் தெரியும். பகலெல்லாம் மாட்டுக்கொட்டகையில்தான் இருப்பார். பழைய தெருக்கூத்துப் பதிவுகளைப் பென்டிரைவில் ஏற்றி வைத்திருக்கிறோம். வீட்டில் போட்டால் 150 அடி தள்ளி இருக்கும் அவருடைய ரேடியோவில் கேட்க எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் வாங்கலாமா? ஓசூரில் ஒருவர் 7 வாட் மாடல் காட்டினார். லைசென்ஸும் அவரே எடுத்துத் தருவதாகச் சொல்லித் தனியாகப் பணம் கேட்கிறார்.

பதில்: வாங்காதீர்கள், சகோதரி. முன்பணம் கொடுத்திருந்தால் இன்றைக்கே போய்த் திருப்பிக் கேளுங்கள்.

முதலில் அந்த லைசென்ஸ் பேச்சை முடித்துவிடுகிறேன். வீட்டில் கூத்துக் கேட்க ஒரு தனி ஆளுக்கு எஃப்எம் ஒலிபரப்பு லைசென்ஸ் தரும் வழி நம் நாட்டில் இல்லை. தனியார் எஃப்எம் என்பது ஏலம் எடுக்கும் கம்பெனிகளுக்கு. சமுதாய வானொலி கல்வி நிறுவனங்களுக்கு. 2006-லிருந்து தொண்டு நிறுவனங்களுக்கும் உண்டு. உங்கள் மாமனார் இந்த இரண்டிலும் வரமாட்டார். இல்லாத லைசென்ஸை ‘எடுத்துத் தருகிறேன்’ என்பவர் உங்களிடம் விற்பது ஒரு முத்திரைத் தாளை மட்டும்தான். அப்படி ஒரு தாளை லேமினேட் செய்து பூஜை அறையில் மாட்டியிருந்த வீட்டை நானே பார்த்திருக்கிறேன். அந்தப் பெரியவரிடம் அது செல்லாது என்று சொல்ல எனக்கு மனசே வரவில்லை.

இன்னும் சிலர் ‘ஹாம் லைசென்ஸ் இருந்தால் போதும்’ என்பார்கள். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஹாம் ரேடியோ என்பது சொந்த வயர்லெஸ் கருவி வைத்துப் பேசிக்கொள்ளும் உண்மையான, மரியாதைக்குரிய பொழுதுபோக்கு. தேர்வு எழுதி யார் வேண்டுமானாலும் லைசென்ஸ் வாங்கலாம், தனி ஆளுக்கும் கிடைக்கும். ஆனால் அது ஒரு ஹாம் இன்னொரு ஹாமுடன் பேசுவதற்கு. அவர்களுக்கென்று தனி அலைவரிசைகள் உண்டு, 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் அதில் ஒன்று. உங்கள் ரேடியோ எடுப்பது 88 முதல் 108 வரை. அந்த இடத்தில் ஹாமுக்கு உரிமை கிடையாது. அவருடைய சொந்த அலைவரிசையிலும் பாட்டு போடக் கூடாது, ஊருக்கு ஒலிபரப்பக் கூடாது. ஆக, ஹாம் லைசென்ஸ் வாங்கினாலும் கூத்து கொட்டகைக்குப் போகாது.

பெட்டியில் ‘சிஇ’ முத்திரை இருக்கிறது என்று காட்டினாலும் மயங்காதீர்கள். அது ஐரோப்பாவின் முத்திரை. அங்கே இந்த மாதிரி வீட்டு டிரான்ஸ்மிட்டருக்கு எல்லை 50 நானோவாட். ஒரு வாட்டை இரண்டு கோடி பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. 7 வாட் என்பது அதைப்போல 14 கோடி மடங்கு. முத்திரையும் பெட்டிக்குள் இருப்பதும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை.

7 வாட் எவ்வளவு என்று இன்னொரு விதமாகச் சொல்கிறேன். சமுதாய வானொலிக்கே பொதுவாக 100 வாட் வரைதான் அனுமதி. அதில் ஐந்து பத்து கிலோமீட்டருக்கு நிகழ்ச்சி போகிறது. 7 வாட்டை மாடியில் ஏரியல் கட்டி விட்டால் பக்கத்துக் கிராமங்கள் வரைக்கும் உங்கள் கூத்து கேட்கும், அங்கே ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்த நிலையம் கெடும். மலிவுப் பெட்டியில் வடிகட்டி சரியாக இருக்காது. 100-ல் வைத்தால் அக்கம்பக்கத்து அலைவரிசைகளிலும், 200-லும் 300-லும் கசியும். 108-க்கு மேலே உடனே விமானங்களுக்கு வழிகாட்டும் அலைவரிசைகள் தொடங்குகின்றன. பெங்களூருக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு அதில் கை வைக்கவே கூடாது.

இப்போது உங்கள் பிரச்சினைக்கு வருகிறேன். 150 அடிக்கு அலையை ஏன் அனுப்ப வேண்டும்? பென்டிரைவே கொட்டகைக்குப் போகட்டுமே!

ரேடியோவின் பின்னால், வெளியிலிருந்து ஒயரில் பாட்டைக் கொடுக்கும் ‘ஆக்ஸ்’ ஓட்டை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் ஒரு எம்பி3 பிளேயரும் ஒரு ஒயரும் போதும், டிரான்ஸ்மிட்டரே வேண்டாம். எந்தச் சட்டமும் ஒயரைக் கேள்வி கேட்காது. பென்டிரைவ் செருகும் புது ரேடியோ வாங்குவதும் நல்ல வழிதான். ஆனால் 80 வயதுக் கை பழகிய குமிழை விடாது, எனக்குத் தெரியும்.

பழைய ரேடியோதான் வேண்டும், ஓட்டையும் இல்லை என்றால், காரில் செருகும் மிகச் சிறிய எஃப்எம் பிளேயரை ரேடியோவுக்கு ஓர் அடி தள்ளி வையுங்கள். இதுவும் டிரான்ஸ்மிட்டர்தான், ஆனால் பக்கத்து ரேடியோவுக்கு மட்டும் எட்டும். பென்டிரைவ் அதிலேயே செருகும். 12 வோல்ட் அடாப்டரும் கார் சாக்கெட்டும் எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும். அலைவரிசை எண்ணைக் காட்டும் மாடலாகப் பாருங்கள். திருகாணியால் அலைவரிசை வைக்கும் கிட் வேண்டாம். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கடியில் அது காலையில் வைத்த இடத்தில் மதியம் நிற்காது. கடையிலேயே ஒருமுறை பிடுங்கிச் செருகுங்கள். கரண்ட் போய் வந்த பிறகு எண்ணை மறக்கும் பெட்டியை வாங்கி என்ன பயன்? ஏரியலுக்கு ஒயர் சேர்த்து நீட்டாதீர்கள். ‘ங்ங்’ என்று இரைந்தால் அடாப்டரை மாற்றுங்கள்.

தருமபுரி வானொலி 102.5-ல் இருக்கிறது, அதை ஒட்டி வைக்காதீர்கள். கீழ்ப்பக்கம், 88, 89 அருகே பகலிலும் இரவிலும் வெறும் இரைச்சல் மட்டும் வரும் இடமாகத் தேடுங்கள். 107-க்கு மேலே வேண்டாம்.

இந்தச் சின்னப் பெட்டிக்காவது சட்டம் தெளிவாக இருக்கிறதா என்று கேட்பீர்கள். 1933-ன் கம்பியில்லாத் தந்திச் சட்டம் கருவியைக் கையில் வைத்திருக்கவே லைசென்ஸ் கேட்டது. 2023-ன் புதிய சட்டமும் அனுமதி வேண்டும் என்கிறது. விலக்கெல்லாம் அறிவிக்கைகளுக்குள் புதைந்து கிடக்கிறது, வீட்டுக்காரர் யாரும் அதைப் படித்துப் புரிந்துகொள்ள முடியாது. பிரிட்டனில் 2006 டிசம்பரிலேயே ‘இத்தனை வரைக்கும் லைசென்ஸ் வேண்டாம்’ என்று நேராகச் சொல்லிவிட்டார்கள். இங்கே அப்படித் தமிழில் ஒரு பக்கம் எழுதித் தபால் நிலையத்தில் ஒட்டியிருந்தால் ஓசூர்க்காரர் உங்களிடம் பணம் கேட்டிருக்க முடியுமா? ஒரு காலத்தில் ரேடியோ கேட்பதற்கே அதே தபால் நிலையத்தில் வரிசையில் நின்று லைசென்ஸ் கட்டினோம். சட்டம் இப்படித் தெளிவில்லாமல் இருப்பதால்தான் என் முதல் யோசனை ஒயர்.

இன்னொன்று. எண் வைத்து முடித்ததும் மாமனாரின் கையைப் பிடித்து அந்த இடத்துக்குக் குமிழைத் திருப்புங்கள். அப்போது குமிழில் மேலே இருக்கும் இடத்தில் கொஞ்சம் எம்சீலை மிளகளவு உருட்டி ஒட்டுங்கள். தருமபுரி வானொலிக்குத் திருப்பும்போது மேலே வரும் இடத்தில் இன்னொன்று, இரண்டு மிளகாக. விரல் தடவியே கண்டுபிடித்துவிடுவார்.