மழைக்காட்டு ஆராய்ச்சி, மக்களிடம் அறிவியலைக் கொண்டுபோவது: இரண்டையும் ஒரே ஆள் செய்ய முடியுமா?

முடியும். நளினி நட்கர்னியையே எடுத்துக்கொள்ளுங்கள். கோஸ்டா ரிக்காவின் மோன்டெவெர்டே மேகக்காட்டில் கயிறு கட்டி மர உச்சிக்கு ஏறி ஆராய்ந்தவர்.

அந்த உயரத்தில் கிளைகளின் மேல் பாசியும் மக்கிய இலையும் சேர்ந்து மெத்தை மாதிரி மண் படிந்திருக்கும். அதைப் புரட்டினால் உள்ளே வேர்கள். ஒட்டிவாழும் செடிகளின் வேர்தானே என்று தோன்றும். இல்லை, சில மரங்கள் தங்கள் கிளையிலிருந்தே வேர்விட்டு அந்த மண்ணிலிருந்து சத்தை உறிஞ்சிக்கொள்கின்றன! 1981-ல் ‘சயின்ஸ்’ இதழில் இதை எழுதினார்.

சரி, மக்கள் பக்கம்? அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பூ வியாபாரத்துக்காகக் காட்டுப் பாசியை உரித்தெடுக்கிறார்கள். உரித்த இடத்தில் அது மறுபடி வளரப் பல ஆண்டுகள் ஆகும். பாசியை வளர்த்தெடுக்கும் வழி தேடி அவர் போனது சிறைக்கு. கைதிகளிடம்தான் நேரமும் பொறுமையும் இருந்தன. எந்தப் பாசி வேகமாக வளர்கிறது என்று அவர்களே கவனித்துக் குறித்தார்கள். அப்புறம், பார்பி பொம்மைக்கு மரமேறும் உடுப்பு மாட்டிச் சிறுமிகளிடம் கொண்டுபோனதும் இவர்தான்.

ஒரு எச்சரிக்கை: பல்கலைக்கழகப் பதவி உயர்வில் பெரும்பாலும் ஆய்வுக்கட்டுரைதான் எடுபடும். முதலில் ஆராய்ச்சியில் காலூன்றிக்கொள்ளுங்கள்.