கேட் என், கேட் எஸ்: விலை குறைந்த காரை வாங்கலாமா?

கேள்வி: முதல் கார் வாங்கத் தேடுகிறேன். எட்டு வருடப் பழைய டொயோட்டா யாரிஸ் ஒன்று, அதே வயதுள்ள மற்ற யாரிஸ்களைவிட 1,500 பவுண்டு குறைவாக வந்திருக்கிறது. விளம்பரத்தின் கடைசி வரியில் ‘கேட் என்’ என்று போட்டிருக்கிறார்கள். கேட்டால், “சின்னக் கீறல்தான், லாக் புக்கைப் பாருங்கள், சுத்தமாக இருக்கிறது” என்கிறார் விற்பவர். நம்பலாமா?
— வாசகர், ஈஸ்ட் ஹாம்

பதில்: அடிபட்ட காரைத் திருத்துவது கட்டுப்படியாகாது என்று இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுத்து ஒதுக்கிவிடுவதை ரைட்-ஆஃப் என்பார்கள். அப்படி ஒதுக்கினாலும் திருத்தி ஓட்டக்கூடிய கார்களுக்கு பிரிட்டனில் போடும் வகை (கேட்டகரி, சுருக்கமாக கேட்) எழுத்துகள்தான் எஸ் (S), என் (N). காரின் பதிவுப் புத்தகமான லாக் புக் சுத்தமாகத்தான் இருக்கும். எஸ் வகைக் கார் என்றால் வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏ அதை லாக் புக்கில் பதியும். என் வகையைப் பதியாது. ஆகவே அவர் காட்டும் தாள் இந்த விஷயத்தில் எதற்கும் சாட்சி இல்லை.

‘சின்னக் கீறல்’ என்பதையும் அப்படியே விழுங்கிவிடாதீர்கள். எஸ் என்றால் காரின் எலும்புக்கூட்டில், அதாவது சேசிஸ், தூண்கள் போன்ற இடங்களில் அடி. என் என்றால் அங்கே அடி இல்லை, அவ்வளவுதான். பிரேக், ஸ்டீயரிங், ஏர்பேக், மின்சார வயரிங் எல்லாம் போயிருந்தாலும் அது என் வகைதான். வெள்ளத்தில் நின்ற காருக்கும் இந்த எழுத்து கிடைக்கலாம்.

அதேசமயம், உண்மையிலேயே சின்ன அடிக்கும் கார் ரைட்-ஆஃப் ஆவதுண்டு. 4,000 பவுண்டு பெறுமதியுள்ள கார் என்று வையுங்கள். முன் பம்பர், ஒரு ஹெட்லைட், பானெட், பெயின்ட், கூலி, அதுவரை உரிமையாளருக்குத் தரும் வாடகைக் கார் எல்லாம் சேர்ந்தால் கணக்கு சுலபமாகப் பாதி விலையைத் தாண்டும். பழுதான காரை ஏலத்தில் விட்டாலும் கொஞ்சம் காசு வரும். அதனால் இன்சூரன்ஸ் கம்பெனி, திருத்துவதைவிட உரிமையாளருக்குப் பணத்தைக் கொடுத்து முடிப்பதே லாபம் என்று பார்க்கிறது. இப்படி வந்த காராக இருந்தால் உங்களுக்கு நல்ல பேரம்.

எது எப்படி என்று அந்த ஓர் எழுத்தை வைத்துச் சொல்ல முடியாது. அன்று எந்த மாதிரி அடி என்பதை மட்டும்தான் அது சொல்லும். பிறகு யார், எப்படித் திருத்தினார்கள் என்பதைச் சொல்லாது. திருத்திய காரை ஓட்டுவதற்கு முன் யாரும் சோதித்துச் சான்று தர வேண்டும் என்ற கட்டாயமும் இங்கே இல்லை. முன்பு சில வகைகளுக்கு இருந்த அடையாளச் சோதனையையும் 2015 அக்டோபரில் நிறுத்திவிட்டார்கள்.

ஆகவே மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: அடிபட்டபோது எடுத்த படங்கள், வாங்கிய பாகங்களின் ரசீது, திருத்திய கராஜின் பில். மூன்றும் இல்லை என்றால் நான் அந்தக் காரைத் தொடமாட்டேன்.

நேரில் போகும்போது பகலில் போங்கள். சாவியைத் திருப்பி டாஷ்போர்டைக் கவனியுங்கள். ஏர்பேக் விளக்கு எரிந்து, சில வினாடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. எரியவே இல்லையென்றால் அதைவிட மோசம்: வெடித்த ஏர்பேக்கை மாற்றாமல் விளக்கை மட்டும் செயலிழக்க வைத்திருக்கலாம். பானெட்டைத் திறந்து, பக்கத் தகடுகளைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைப் பாருங்கள். பெயின்ட் உரிந்திருந்தால் ஸ்பேனர் பட்டிருக்கிறது. டிக்கியில் கம்பளத்தைத் தூக்கி, ஸ்பேர் சக்கரம் இருக்கும் குழியில் தகடு நெளிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். எம்ஓடி என்ற வருடாந்தரச் சோதனையின் வரலாற்றை அரசு இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம், ஆனால் ரைட்-ஆஃப் விவரம் அதில் வராது. அதற்குக் காசு கொடுத்து எடுக்கும் வரலாற்று அறிக்கைதான் வேண்டும். கடைசியாக, தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் காசு கொடுத்துக் காரைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். விற்பவர் அதற்கு மறுத்தால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

காசு கொடுப்பதற்கு முன் இன்சூரன்ஸ் விலையும் கேட்டுவிடுங்கள். சில கம்பெனிகள் இந்தக் கார்களை எடுப்பதே இல்லை. நீங்கள் பிறகு விற்கும்போதும் அந்த எழுத்து கூடவே வரும்.

கேள்வி: ஒரு விளம்பரத்தில் ‘கேட் டி’ என்று இருக்கிறது. இது என்ன புது வகை?
— வாசகி, ஹாரோ

பதில்: புதிதல்ல, பழசு. 2017 அக்டோபர் 1 முதல் சி, டி இரண்டும் போய் எஸ், என் வந்தன. பழையவை செலவை வைத்துப் பிரித்தவை: திருத்தும் செலவு காரின் விலையைத் தாண்டினால் சி, தாண்டாவிட்டாலும் கட்டுப்படியாகாது என்றால் டி. அடி எங்கே விழுந்தது என்பதை அவை சொல்லாது. அதனால் டி என்றாலும் சேசிஸைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

கேள்வி: நின்றுகொண்டிருந்த என் காரை ஒருவர் பின்னால் இடித்துவிட்டார். என் இன்சூரன்ஸ் கம்பெனி அதற்குக் ‘கேட் என்’ என்று போட்டு 3,100 பவுண்டு தருகிறது. அதே மாதிரிக் கார்கள் 3,800-க்குக் குறைந்து கிடைக்கவில்லை. வேறு வழி இல்லையா? காரை நானே வைத்துக்கொள்ள முடியுமா?
— வாசகர், குரொய்டன்

பதில்: முதலில் சொல்லும் தொகைக்குத் தலையாட்ட வேண்டியதில்லை. காரின் உண்மையான சந்தை விலையைவிடக் குறைத்துக் கொடுக்கக் கூடாது என்று நிதி ஒழுங்குமுறை ஆணையமான எஃப்சிஏ 2022 டிசம்பரில் இன்சூரன்ஸ் கம்பெனிகளை வெளிப்படையாகவே எச்சரித்தது. அதே மாடல், அதே வருடம், கிட்டத்தட்ட அதே மைலேஜ் உள்ள விளம்பரங்கள் நாலைந்தைத் தேதியோடு சேமித்து, எழுத்தில் புகார் செய்யுங்கள். போனில் பேசி முடிக்காதீர்கள். எட்டு வாரத்துக்குள் இறுதிப் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் ஒத்துவராவிட்டால், நிதிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. இறுதிப் பதில் வந்திருந்தால் அந்தத் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும்.

காரை வைத்துக்கொள்ளலாம். பழுதான நிலையில் அதை விற்றால் வரும் விலையைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். கேட் என் வகையாதலால் லாக் புக் உங்களிடமே இருக்கலாம். எஸ் என்றால் அதை இன்சூரன்ஸுக்கு அனுப்பிவிட்டு, வி62 படிவத்தில் இலவசமாக வேறு பிரதி வாங்க வேண்டும்.

கேள்வி: இரண்டு மாதத்துக்கு முன் டீலரிடம் கார் வாங்கினேன். இப்போதுதான் அது கேட் எஸ் என்று தெரிகிறது. அவர் சொல்லவே இல்லை. 30 நாள் தாண்டிவிட்டதால் ஒன்றும் செய்ய முடியாதா?
— வாசகி, லெஸ்டர்

பதில்: 30 நாள் என்பது உடனே திருப்பிக் கொடுக்கும் உரிமைக்கு மட்டும். அது போய்விட்டாலும் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டத்தின் மற்ற வழிகள் இருக்கின்றன. சாதாரணக் கோளாறு என்றால் டீலருக்குத் திருத்த ஒரு வாய்ப்புத் தர வேண்டும். ரைட்-ஆஃப் வரலாற்றை எந்த ஸ்பேனராலும் திருத்த முடியாது. அதனால் விலைக் குறைப்பையோ காரைத் திருப்பிக் கொடுப்பதையோ கேட்டு வாதாட உங்களுக்கு இடம் உண்டு. திருப்பிக் கொடுத்தால், ஓட்டிய அளவுக்கு ஒரு தொகையை அவர் கழிக்கலாம். முதல் ஆறு மாதத்துக்குள் மோட்டார் வாகனங்களுக்கு மட்டும்தான் சட்டம் அதை அனுமதிக்கிறது. “எனக்கே தெரியாது” என்று டீலர் கையை விரித்தாலும் விடாதீர்கள், வியாபாரமாகக் கார் விற்பவர் வரலாற்றைப் பார்த்திருக்க வேண்டும். ஃபைனான்ஸில் வாங்கியிருந்தால் அந்தக் கம்பெனிக்கும் அதே புகாரை அனுப்புங்கள். முன்பணத்தில் ஒரு சிறு பகுதியையாவது கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் ரசீதைத் தேடி எடுங்கள். காரின் விலை 100-க்கு மேல், 30,000 பவுண்டுக்குள் என்றால் கார்டு கொடுத்த வங்கிக்கும் பொறுப்பு உண்டு.

இதையே தனியாரிடம் வாங்கியிருந்தால் நிலைமை வேறு. நீங்கள் கேட்டும் அவர் பொய் சொன்னால் ஒழிய, கைக்கு எதுவும் கிடைப்பது கஷ்டம். அதனால் வாங்குவதற்கு முன் வாட்ஸ்ஆப்பில் “எப்போதாவது ரைட்-ஆஃப் ஆனதா?” என்று ஒரு வரி கேட்டு, பதிலை வைத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: கேட் பி காரின் எஞ்சினை என் வண்டியில் போடலாமா?
— வாசகர், மில்டன் கீன்ஸ்

பதில்: போடலாம். பி வகையில் பாகங்களை எடுத்துக்கொண்டு உடலை நசுக்கிவிட வேண்டும். ஏ வகையில் ஒரு நட்டைக்கூட எடுக்கக் கூடாது. எஞ்சின் எண் மாறுவதை டிவிஎல்ஏவுக்கும், மாற்றத்தை உங்கள் இன்சூரன்ஸுக்கும் தெரிவித்துவிடுங்கள்.